தாம்பாளத்தில் வைத்த பேட்டரி

என் நாக்கு எல்லோருடைய நாக்கையும் போலத்தான் இருக்கும். சந்தேகம் உள்ளவர்கள் நேரில் வந்தால் நீட்டிக் காட்டத் தயாராக இருக்கிறேன். இருபத்துநான்கு வயதில் ஒருத்தி இப்படிச் சொல்லிக்கொண்டு திரிவது அழகில்லைதான். ஆனால் எங்கள் சொந்தக்காரர்களில் பாதிப் பேருக்கு நான் இன்றும் கரிநாக்குக்காரி. கல்யாண வீட்டில் என்னைக் கண்டால், பெண்ணையும் மாப்பிள்ளையையும் பார்த்து ஏதும் சொல்லிவிடாதே என்று சிரிக்கிறார்கள். அந்தச் சிரிப்புக்குள் கொஞ்சம் பயமும் இருப்பது எனக்குத் தெரியும். இந்தப் பட்டம் எனக்கு எப்படி வந்தது என்று கேட்டால் ஒருவருக்கும் சரியாகச் சொல்லத் தெரியாது. நான் சொல்கிறேன். பேட்டரியை ஆணிகளோடு சேர்த்து வைக்கக் கூடாது என்று சொன்னதால் வந்தது.

அப்போது எனக்குப் பத்து வயது. திருவண்ணாமலையில் செங்கம் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில் எங்கள் வீடு இருந்தது. அப்பாவும் சித்தப்பாவும் சேர்ந்து ஃபிட்டிங் வேலை செய்தார்கள். ஆசிரமத்தைச் சுற்றியுள்ள வாடகை அறைகளிலும் விடுதிகளிலும் அலமாரி மாட்டுவது, திரைக்குக் கம்பி பொருத்துவது, குரங்கு நுழையாமல் ஜன்னலுக்கு வலை அடிப்பது என்று வருடம் முழுக்க வேலை இருக்கும். தீபம் நெருங்க நெருங்க இரண்டு பேரும் சாப்பிடக்கூட வீட்டுக்கு வரமாட்டார்கள்.

அந்த வருடம் எங்கள் வீட்டுக்கு ஒரு பேட்டரி டிரில் வந்தது. இரண்டு வருடம் இங்கே அறை எடுத்துத் தங்கியிருந்த வெள்ளைக்கார அம்மா ஒருவர் ஊருக்குத் திரும்பும்போது, தன் அறைக்கு வேலை செய்துகொடுத்த அப்பாவிடம் அதைக் கொடுத்துவிட்டுப் போனார். ஒயரே இல்லாத மிஷின். கூடவே இரண்டு பேட்டரி, ஒரு சார்ஜர், ஒரு புத்தகம். அதுவரை ஒரு ஓட்டை போடுவதற்கு நாலு வீடு தள்ளியிருந்து ஒயரை இழுத்து, அதில் யாராவது தடுக்கி விழுந்து, கடைசியில் கரண்ட் போய் உட்கார்ந்திருந்தவர்களுக்கு இது எப்படி இருந்திருக்கும்? சித்தப்பா முதல் இரண்டு நாள் அதைக் கையிலிருந்து கீழே வைக்கவில்லை. தேவையில்லாத இடத்தில் எல்லாம் ஓட்டை போட்டார். எங்கள் சமையலறைச் சுவரில் எதற்கும் உதவாத மூன்று ஓட்டைகள் இன்றும் இருக்கின்றன.

புத்தகத்தில் பத்துப் பன்னிரண்டு மொழிகள் இருந்தன, தமிழைத் தவிர. இங்கிலீஷ் மீடியத்தில் படிக்கிறவள் நான் ஒருத்திதான் என்பதால் அதை வாசித்துச் சொல்லும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. ஒரு வாரம் அகராதியை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நல்லவேளையாகப் பாதி விஷயத்துக்குப் படம் போட்டிருந்தார்கள். முனையில் உள்ள பிட்டை மாற்றும்போது பேட்டரியைக் கழற்றிவிட வேண்டும். அதன் சார்ஜரைத் தவிர வேறு சார்ஜரில் போடக் கூடாது. வெயிலில் விடக் கூடாது. கீழே விழுந்திருந்தாலோ, வீங்கியிருந்தாலோ தொடவே கூடாது. மிஷினிலிருந்து கழற்றிய பேட்டரிக்கு உடனே மூடி போட்டுவிட வேண்டும், ஏனென்றால் அதன் மூக்கில் இரண்டு பக்கமும் பளபளவென்று சின்னத் தகடுகள் இருக்கும், அவை இரண்டையும் ஆணியோ சாவியோ சில்லறைக் காசோ சேர்த்துத் தொட்டால் தீப்பிடிக்கும். இந்தக் கடைசி விஷயத்துக்கு ஒரு பைக்குள் பேட்டரியும் ஆணியும் காசும் கிடப்பதுபோலப் படம் வரைந்து, அதன் மேல் பெரிதாகக் குறுக்கே கோடு போட்டிருந்தார்கள். பத்து வயசுப் பிள்ளைக்கே புரிகிற படம்.

நான் சொன்னதை எல்லாம் அவர்கள் கேட்டார்கள். அதையும் நான் மறைக்கக் கூடாது. சித்தப்பா டீக்கடையில் நின்று, எங்கள் வீட்டு இன்ஜினியர் சொன்னால்தான் சார்ஜே போடுவோம் என்று பெருமையடித்தார். அப்பா வேலைக்குக் கிளம்பும்போது என்னைக் கூப்பிட்டு, பேட்டரிக்கு மூடி போட்டாயிற்றா என்று கேட்பார். தலையில் தூக்கிவைத்து ஆடினார்கள் என்றே சொல்லலாம். அப்படி ஆடியவர்கள்தான் அப்புறம் தொப்பென்று கீழே போட்டார்கள். அதுதான் எனக்கு இன்றும் ஆறவில்லை.

சித்தியைப் பற்றிச் சொல்லவேண்டும். எனக்கு ஏழு வயதில் சித்தி எங்கள் வீட்டுக்குக் கல்யாணமாகி வந்தாள். வந்த நாளிலிருந்து என் தலைமுடி அவள் பொறுப்பு. அம்மா பின்னினால் வலிக்கும், சித்தி பின்னினால் வலிக்காது. முந்தின வருடம் ஒரு வாரம் அவள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். வயிற்றுவலி என்று எனக்குச் சொன்னார்கள். நான் நம்பினேன். இந்த வருடம் அவள் மாசமாக இருந்தாள். ஐப்பசியில் வளைகாப்பு, அதன்பிறகும் பிரசவம்வரை எங்கள் வீட்டிலேயே இருப்பது என்று முடிவாகி, வளையல் வாங்கக் கோயில் பக்கத்துக் கடைக்கு என்னைத்தான் கூட்டிக்கொண்டு போனாள். பச்சையும் சிவப்புமாக நான் எடுத்துக் கொடுத்ததைத்தான் வாங்கினாள். பெரியவர்கள் முதலில் போட்டு முடித்ததும் அடுத்த வளையல் நீதான் போடவேண்டும் என்று எனக்கு வாக்குக் கொடுத்தாள். நான் அதைப் பள்ளிக்கூடத்தில் சொல்லாத ஆள் இல்லை.

ஆயுத பூஜைக்குக் கீழ்பென்னாத்தூரிலிருந்து அத்தை வந்தாள். அப்பாவுக்கு அக்கா. வருடா வருடம் ஒரு பை வேர்க்கடலையும் ஒரு பூசணிக்காயும் எடுத்துக்கொண்டு முதல் பஸ்ஸில் வந்து இறங்கிவிடுவாள். அவள் வந்துவிட்டால் வீட்டில் மற்றவர்களுக்கு வாய் இருக்காது. பூஜைக்கு எது எங்கே இருக்கவேண்டும் என்பது அவளுக்குத்தான் தெரியும் என்று எல்லோரும் நம்பினார்கள், அவள் உள்பட.

என் பாடப்புத்தகங்களை அடுக்கி, மேலே மஞ்சள் துணி போர்த்தி, சந்தனம் வைத்தாள். டிரில் பெட்டிக்குள் இருந்த அந்தப் புத்தகமும் அவள் கண்ணில் பட்டது. அதுவும் புத்தகம்தானே என்று எடுத்து அடுக்கிலேயே வைத்துவிட்டாள். எனக்கு அப்போது அது சரியாகத்தான் பட்டது. அவ்வளவு கஷ்டப்பட்டுப் படித்த புத்தகம், சரஸ்வதி பூஜையில் இருக்கட்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

இந்தப் பக்கம் சித்தப்பா ரம்பம், சுத்தியல், உளி, இழைப்புளி எல்லாவற்றையும் கழுவித் துடைத்துப் பலகையில் புதுத்துண்டு விரித்து வைத்தார். நடுவில் பித்தளைத் தாம்பாளம். அதில் ஒரு குவியல் ஸ்க்ரூ, ஆணி, பிட்டுகள், மேலே கொஞ்சம் சில்லறைக் காசு. சோறு போடுகிற இரும்பு எல்லாம் ஒரே தட்டில் இருக்கவேண்டும் என்பது எங்கள் வீட்டு வழக்கம். நான் முன்கூட்டியே டிரில்லிலிருந்து பேட்டரியைக் கழற்றி, இரண்டு பேட்டரிக்கும் மூடி போட்டு, ஜன்னல் மேடையில் வைத்திருந்தேன். சித்தப்பா அதைப் பார்த்தார்.

“மிஷினுக்கு உசிரே இதுலதாம்மா கீது. இத ஜன்னல்ல போட்டுட்டு வெறும் கூட்டக் கும்புடறதா?” என்றார்.

ஒன்றை எடுத்து வந்தார். மூடி மேல் பொட்டு வைத்தால் அது மூடிக்குத்தான் போகும் என்று அத்தை சொன்னதால் மூடியைக் கழற்றினார். மூக்குப் பக்கம் ஈரச் சந்தனத்தை அப்பி, குங்குமம் வைத்து, ஸ்க்ரூ குவியலுக்குள் சாய்த்துச் செருகினார். சாயாமல் நிற்கவேண்டும் என்று சுற்றிலும் நாலு ஸ்க்ரூவை வேறு தள்ளி அணைத்து வைத்தார்.

நான் மெதுவாகத்தான் ஆரம்பித்தேன். சித்தப்பா, ஆணியோடு வைக்கக் கூடாது என்றேன். ஒரு அஞ்சு நிமிஷம்தானே என்றார். மூடியையாவது போடுங்கள் என்றேன். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அப்பாவைப் பார்த்தேன். அப்பா கற்பூர டப்பாவைத் திறக்க முடியாமல் திறந்துகொண்டிருந்தார். படத்தைக் காட்டினால் புரிந்துவிடும் என்று மஞ்சள் துணியைத் தூக்கி அந்தப் புத்தகத்தை இழுக்கப் போனேன். அத்தை என் கையில் பட்டென்று ஒன்று வைத்தாள்.

“சரஸ்வதி பூசை அன்னிக்கிப் புஸ்தகத்தத் தொடுவாங்களாடி? நாளைக்கித்தான் எடுக்கணும்.”

நெருப்பைப் பற்றி எழுதிய புத்தகம் கைக்கெட்டும் தூரத்தில் சந்தனப் பொட்டோடு உட்கார்ந்திருக்கிறது, அதைத் திறக்க நாளைவரை காத்திருக்கவேண்டும். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. சித்தி வேறு தாம்பாளத்துக்கு நேர் எதிரே மணையில் உட்கார்ந்திருந்தாள். அப்போதுதான் நான் அந்த வாக்கியத்தைச் சொன்னேன்.

“இப்டி வச்சா தீப்புடிச்சிக்கும். வீடே எரியும்.”

நல்ல நாளும் அதுவுமாக வாயைக் கழுவு என்று அத்தை சீறினாள். அம்மா என் தோளைக் கிள்ளினாள். அப்பா கற்பூரம் ஏற்றினார்.

எல்லோரும் கண்ணை மூடிக் கும்பிட்டார்கள். நான் மூடவில்லை. சாம்பிராணிப் புகை ஏற்கெனவே கூடம் முழுக்க இருந்ததால், தாம்பாளத்திலிருந்து மெல்லிசாக இன்னொரு புகை எழுந்தது யாருக்கும் தெரியவில்லை. சந்தனம் கொதித்துக் குமிழ் விட்டது. பிறகு குக்கர் விசிலுக்கு முன்னால் வருமே அப்படி ஒரு சீறல். சித்தப்பா கண்ணைத் திறந்து, என்ன ஏது என்று பார்க்காமல் கையை நீட்டித் தாம்பாளத்தைப் பிடித்தார். கத்திக்கொண்டே விட்டார். அடுத்த நொடி பேட்டரியின் மூக்கிலிருந்து தீ பீறிட்டது. புதுத்துண்டு பற்றிக்கொண்டது. அம்மா சித்தியின் இரண்டு கையையும் பிடித்துத் தெருவுக்கு இழுத்துக்கொண்டு ஓடினாள். அப்பா மூலையில் கிடந்த நீள மரச்சட்டத்தை எடுத்துப் பலகையோடு எல்லாவற்றையும் வாசலுக்குத் தள்ளி, எதிர் வீட்டுக் கட்டடத்துக்குக் கொட்டியிருந்த மணலில் கவிழ்த்தார். மணலுக்குள்ளும் அது இரண்டு தரம் வெடித்தது. தெருவே வந்து வேடிக்கை பார்த்தது. திருஷ்டிக்கு உடைக்க வைத்திருந்த பூசணிக்காய் மட்டும் அப்படியே இருந்தது.

வீடு எரியவில்லை. சித்திக்கு ஒன்றும் ஆகவில்லை, புகையில் கொஞ்சம் இருமினாள். சித்தப்பாவின் உள்ளங்கை கொப்பளித்துவிட்டது. இந்த இடத்தில் நியாயமான ஒரு குடும்பம் என்ன செய்யும்? சின்னப் பெண் அப்போதே சொன்னாளே, கேட்காமல் போனோமே என்று ஒரு வார்த்தையாவது சொல்லும். எங்கள் குடும்பம் என் நாக்கைப் பார்க்க விளக்கு எடுத்து வந்தது.

“நாக்க நீட்டுடி,” என்றாள் அத்தை.

நீட்டினேன். நாக்கின் ஓரத்தில் ஒரு கரும்புள்ளி இருந்தது. பேனா ரீஃபிலைப் பல்லால் இழுக்கும் கெட்ட பழக்கம் எனக்கு அப்போது உண்டு. மை என்று சொன்னேன். வாய் கொப்பளித்துக் காட்டுகிறேன் என்றேன். யாரும் தண்ணீர் கொடுக்கவில்லை. மாசமாக இருக்கிறவளை எதிரே வைத்துக்கொண்டு வீடு எரியும் என்று சொன்னாளே, சொன்ன வாய் மூடவில்லை, எரிந்ததே என்று அத்தை தெருவில் நின்றவர்களுக்கும் சேர்த்துச் சொன்னாள். மூடியைக் கழற்றச் சொன்ன அத்தை. கழற்றிய சித்தப்பா, கையை ஊதிக்கொண்டே ஆமாம் என்று தலையாட்டினார். பேட்டரி ஏன் எரிந்தது என்று அந்தத் தெருவில் அன்று ஒருவரும் கேட்கவில்லை.

மறுநாள் விஜயதசமி. புத்தகத்தைத் தொடலாம். விடிந்ததும் முதல் வேலையாக அந்தப் பக்கத்தைத் திறந்து அப்பாவிடம் கொண்டுபோனேன். அப்பா படத்தை வெகுநேரம் பார்த்தார். பக்கத்தில் ஒட்டியிருந்த சந்தனத்தைக் கட்டைவிரலால் துடைத்தார். “சரி, போய்ப் படி,” என்று புத்தகத்தை மூடிக் கொடுத்தார். அத்தை பக்கத்து அறையில்தான் இருந்தாள். நாலு எட்டு நடந்து சொல்லியிருக்கலாம். அன்று முழுக்கச் சொல்வார் சொல்வார் என்று அவர் பின்னாலேயே சுற்றினேன். அவர் சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிட்டார்.

அந்த வாரமே என் டிபன் டப்பா காணாமல் போனது. பிளாஸ்டிக் டப்பா, மூடியில் மயில் படம் போட்டது. தேடினால், மிஞ்சிய பேட்டரி மூடியோடு அதற்குள் தனியாகப் படுத்திருந்தது. கேட்காமல் எடுத்திருந்தார்கள். கையில் கட்டோடு சித்தப்பா, வேலைக்குப் போகிற இடத்தில் எல்லாம், பேட்டரியை ஆணி கூடப் போடவே கூடாதுங்க, தனி டப்பாவில் வைக்கணுங்க என்று பாடம் நடத்தினார். என் வார்த்தை சட்டமாகிவிட்டது. என் டப்பா பேட்டரிக்கு ஆபீஸாகிவிட்டது. என் நாக்கு மட்டும் கருப்பாகவே இருந்தது. ஒரு மாதம் எவர்சில்வர் டப்பாவில் சோறு கொண்டுபோனேன், அதன் மூடியைத் திறக்க ஒவ்வொரு நாளும் டீச்சரைக் கூப்பிடவேண்டியிருந்தது.

வளைகாப்புக்கு முதல் நாள் அத்தை மறுபடி வந்தாள். சமையலறையில் ஏதோ பேசினார்கள். காலையில் நான் பட்டுப்பாவாடை கட்டிக்கொண்டு வந்து நின்றபோது அம்மா என் முகத்தைப் பார்க்காமல், மொட்டைமாடியில் வாழைப்பழத் தாரும் தேங்காயும் இருக்கிறது, குரங்கு வராமல் பார்த்துக்கொள் என்று ஒரு குச்சியைக் கையில் கொடுத்தாள். எவ்வளவு நேரம் என்று கேட்டேன். கூப்பிடும்வரை என்றாள். பழத்தாரை யார் மாடியில் கொண்டுபோய் வைத்தது, எதற்கு வைத்தது என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

குரங்கு ஒன்றுகூட வரவில்லை. கீழே கூடத்தில் சிரிப்பும் வளையல் சத்தமும் கேட்டுக்கொண்டிருந்தன. நான் எடுத்துக் கொடுத்த பச்சை, நான் எடுத்துக் கொடுத்த சிவப்பு. மலையைப் பார்த்தபடி ஒவ்வொருவர் மேலும் எனக்கிருந்த கோபத்தை வரிசைப்படுத்தினேன். அத்தை, சித்தப்பா, அம்மா, அப்பா. சித்தியை அதில் சேர்க்கவில்லை. அவள் எனக்காகக் கேட்டிருப்பாள், இவர்கள்தான் விட்டிருக்கமாட்டார்கள் என்று நினைத்தேன்.

மாடிப்படியில் கண்ணாடி வளையல் சத்தம் வந்தது. சித்தி ஒவ்வொரு படியாகச் சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறி வந்தாள். கன்னத்தில் சந்தனம், இரண்டு கையிலும் முழங்கைவரை வளையல். தனியாகத்தான் வந்தாள். மூச்சு வாங்கியது. முந்தானையில் முடிந்திருந்த ஒரு பச்சை வளையலை எடுத்து என்னிடம் கொடுத்துக் கையை நீட்டினாள். நான் போட்டுவிட்டேன். அவள் போவாள் என்று பார்த்தேன். போகவில்லை. படிப்பக்கம் ஒருதரம் திரும்பிப் பார்த்துவிட்டு என் தாடையைப் பிடித்தாள்.

“கொழந்த நல்லபடியா பொறக்கும்னு ஒன் வாயால ஒரு வாட்டி சொல்லு கண்ணு,” என்றாள்.

இவளுமா? என் நாக்கில் இருந்தது மை என்று இவளுக்குமா தெரியாது? வரிசையில் கடைசியாக அவளையும் சேர்த்தேன். சொல்லமாட்டேன் என்றேன். நான் எதைச் சொன்னாலும் தப்பு, அதனால் இனி எதையுமே சொல்லமாட்டேன் என்றேன்.

“நல்லது சொல்றதுல இன்னாடி தப்பு? ஒரே வாட்டி.”

நான் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு மலைப் பக்கம் திரும்பிவிட்டேன். கீழேயிருந்து அத்தை கூப்பிட்டாள். சித்தி என் பாவாடைக் கரையைச் சரிசெய்துவிட்டு இறங்கிப் போனாள். ஒவ்வொரு படிக்கும் வளையல் சத்தம் கேட்டது. நன்றாக வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். என்னிடம் ஒருவர் வந்து கேட்டு, நான் மறுத்தது அன்றுதான் முதல்தடவை, அது எனக்குப் பிடித்தும் இருந்தது.

தை மாதம் சித்திக்குப் பையன் பிறந்தான். நல்லபடியாகத்தான் பிறந்தான். இப்போது என்னைவிட உயரம், பேட்டரியை மயில் டப்பாவில் வைக்கிறான், என்னைக் கரிநாக்கு அக்கா என்று கூப்பிடுகிறான். ஆயுத பூஜை வந்தால் எங்கள் வீட்டில் இன்றும் பேட்டரி மூடியோடு தனித்தட்டில் உட்கார்ந்து சந்தனம் வாங்கிக்கொள்கிறது. இது யார் சொன்ன முறை என்று யாருக்கும் நினைவில்லை. அத்தை மேல் உள்ள கோபத்தை நான் விடுவதாக இல்லை. அப்பா மேல் உள்ளதையும் முழுசாக விடவில்லை.

நான் கல்லூரியில் சேர்ந்த பிறகுதான் ஒருநாள் பேச்சுவாக்கில் அம்மா சொன்னாள். சித்தி ஆஸ்பத்திரியில் இருந்த அந்த ஒரு வாரம் வயிற்றுவலி இல்லை. ஆறாம் மாதம் தங்காமல் போனது. பெண் குழந்தை.

மாடிக்கு அவள் ஏறி வந்தது என்னைக் கேலி செய்வதற்கோ, அத்தை பேச்சை நம்பி என்னைச் சோதிப்பதற்கோ இல்லை. பயத்தில் யார் யாரையோ கேட்டுவிட்டு, கடைசியில் பத்து வயசுப் பிள்ளையின் வாயைப் பார்த்து வந்திருக்கிறாள். ஐப்பசியிலிருந்து தை வரை ஒவ்வொரு நாளும், நான் சொல்லாமல் விட்டதை நினைத்துக்கொண்டே அவள் எனக்குத் தலை பின்னிவிட்டிருக்கிறாள். அப்போதும் வலிக்காமல்தான் பின்னினாள். வீடே எரியும் என்று அத்தனை பேர் நடுவில் சொல்லத் தெரிந்த எனக்கு, நல்லபடியா பொறக்கும் சித்தி என்று அவள் ஒருத்தியிடம் சொல்ல வாய் வரவில்லை.